வானத்துக் குடும்பங்கள்

நம் திருமணச் சடங்குகளுள் அருந்ததி காட்டுதல் என்பது ஒன்று. மணமகன் மணமகளை முற்றத்துக்கு அழைத்து வந்து, வடதிசை வானைச் சுட்டி அருந்ததியைக் காட்டுவான். திருமணம் பகலில் நிகழ்ந்தாலும், மலையை முகில் மூடியிருந்தாலும் இச்சடங்கு விடுபடுவதில்லை. காணாத உடுவைக் கண்டதாகவே கொண்டு தம்பதியர் உள்ளே திரும்புவர். இவ்வாறு சுட்டப்பெறுவது, சப்தரிஷி மண்டலம் என்று நாம் வழங்கும் ஏழு உடுக்களின் வரிசையில், வாற்பகுதியின் நடுவே நிற்கும் வசிட்டனை அடுத்து மங்கலாக மினுங்கும் ஓர் உடுவாகும். வசிட்டனை மேலைநாட்டார் மிசார் என்றும், அருந்ததியை அல்கோர் என்றும் அழைப்பர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இவ்விரண்டு உடுக்களும் உண்மையாகவே ஒன்றோடொன்று பிணைந்தவையா? அன்றி, நம் கண்ணுக்கு மாத்திரம் அருகருகே தோன்றுபவையா? இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் வினா அன்று. உடுக்களின் திணிவை மனிதன் அளந்தறிந்ததும், அவை பிறக்கும் முறையை உணர்ந்ததும், நம் கையிலுள்ள இரும்பு எங்கிருந்து வந்தது என்று தெளிந்ததும் இவ்வினாவுக்கு விடை தேடிய வழியிலேயே ஆகும்.

மலைநாட்டில் வாழ்வோருக்கு இவ்வினாவின் பொருள் எளிதில் விளங்கும். இருண்ட இரவில் ஒரு மேட்டில் நின்று எதிரே பாருங்கள். இரண்டு விளக்குகள் ஒட்டினாற்போல் எரிகின்றன. ஒன்று பக்கத்துத் தோட்டத்து லயத்தில் எரிவதாக இருக்கலாம். மற்றையது அதற்கப்பால், இரண்டு மலை தாண்டி, வேறொரு தோட்டத்துத் தொழிற்சாலையில் எரிவதாக இருக்கலாம். ஒரே நேர்கோட்டில் அமைந்தமையால் அவை அயல்வீட்டு விளக்குகள் போலத் தோன்றுகின்றன. வானத்திலும் இத்தகைய பொய்யான இணைகள் உள்ளன. தொலைகாட்டி தோன்றிய பின்னர் நெடுங்காலம், இரட்டையாகத் தெரிந்த உடுக்கள் யாவும் இவ்வகையினவே என்று பலரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணத்தை முதலில் கணக்கினால் அசைத்தவர் ஜோன் மிச்செல் என்னும் ஆங்கிலேய மதகுரு ஆவார். தானியத்தை முற்றத்தில் வாரி இறைத்தால் சில மணிகள் தற்செயலாக அருகருகே விழும். ஆனால் நூற்றுக்கணக்கானவை இரண்டிரண்டாகவே விழுந்து கிடந்தால், அது தற்செயல் என்று யார் நம்புவர்? வானில் நெருங்கிய இணைகளும், கார்த்திகைக் கூட்டம் போன்ற திரள்களும் தற்செயலாக அமையக்கூடிய அளவுக்கு மிக அதிகமாக உள்ளன என்று அவர் 1767 இல் காட்டினார். பின்னர் வில்லியம் எர்ச்செல் என்னும் பெரும் வானியலாளர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இத்தகைய இணைகளை அளந்து வந்து, அவற்றுட் சில ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று 1803 இல் அறிவித்தார். அவர் எடுத்துக்காட்டிய உடுக்களுள் ஒன்று, நாம் புனர்பூசம் என்று வழங்கும் இரண்டு உடுக்களில் ஒன்றாகிய காஸ்டர் ஆகும். மரத்திலிருந்து கனியை வீழ்த்தும் ஈர்ப்பு விசை, ஞாயிற்றுத் தொகுதிக்கு வெளியேயும் ஆட்சி செலுத்துகின்றது என்பதற்கு அதுவே முதற் சான்றாயிற்று.

நம் மலைநாட்டின் அகலாங்கு இவ்விடயத்தில் நமக்குப் பேருதவி புரிகின்றது. நுவரெலியாவும் அட்டனும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகை அளவில் உள்ளன. ஆதலால் வடவானத்து உடுக்களையும் தென்வானத்து உடுக்களையும் ஒரே இரவில் நாம் காணலாம். இலண்டன் மாநகரத்து மாணவனுக்கு இப்பேறு இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், மே மாதத்து முற்பகுதியில், இரவு பத்து மணியளவில், வானம் தெளிந்திருக்குமாயின் வெளியே வந்து நில்லுங்கள். வடக்கே, அடிவானுக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில் வசிட்டனும் அருந்ததியும் நிற்பர். உச்சியிலிருந்து சற்றுத் தெற்கே, வெண்ணீல ஒளியுடன் சித்திரை நட்சத்திரம் விளங்கும். தெற்கே மலை மறைக்காத இடமாயின், அடிவானிலிருந்து இருபது பாகை உயரத்தில், தென் சிலுவைக்குக் கிழக்கே, பொன்னிறமான ஓர் உடு ஒளிரும். அது அல்பா செந்தோரி எனப்படும். இவை மூன்றும் கூட்டு உடுக்களே. மூன்றும் மூன்று வகையின. ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று படிக்கக்கூடிய மூன்று பாடங்கள் என இவற்றைக் கொள்ளலாம்.

முதலில் தெற்கே நோக்குவோம். அல்பா செந்தோரி ஓர் உடு அன்று, இரண்டு என்பது தமிழ் மண்ணிலிருந்தே கண்டறியப்பட்டது. 1689 ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரியில் தங்கியிருந்த ழான் ரிஷோ என்னும் இயேசு சபைத் துறவி, அப்போது தோன்றிய வால்வெள்ளியொன்றைத் தொலைகாட்டியினால் நோக்கிக்கொண்டிருந்தார். வால்வெள்ளிக்கு அண்மையிலிருந்த இவ்வுடுவின்மீதும் தொலைகாட்டி திரும்பியது. ஒன்றெனத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்து தோன்றிற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன என்று இன்று அறிவோம். பிள்ளையாகப் பிறந்தவன் முதியவனாகும் காலம் அவற்றுக்கு ஒரு சுற்று.

ஒன்றையொன்று சுற்றுதல் என்பதன் பொருளைச் சற்றுத் தெளிவாக்கிக் கொள்வோம். காவடித் தண்டில் இருபுறமும் குடம் தொங்கவிட்டு நீர் சுமப்போரைப் பார்த்திருப்பீர்கள். இரு குடங்களும் ஒத்த நிறையினவாயின் தோள் தண்டின் நடுவில் இருக்கும். ஒரு குடம் நிறைந்தும் மற்றது குறைந்தும் இருந்தால், நிறைந்த குடத்தின் பக்கமாகத் தோளை நகர்த்திக்கொள்வர். இரட்டை உடுக்களும் அவ்வாறே. இரண்டும் தமக்கிடையிலுள்ள ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. அப்புள்ளி திணிவு மிகுந்த உடுவுக்கு அருகில் இருக்கும். கண்ணுக்குப் புலனாகாத அந்தத் தோளை அறிந்துவிட்டால், எந்த உடு கனத்தது, எவ்வளவு கனத்தது என்பது வெளிப்பட்டுவிடும்.

மொத்தத் திணிவைக் காணும் கணக்கும் கடினமன்று. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரமாகிய சுமார் 15 கோடி கிலோமீற்றரை ஓர் அளவுகோலாகக் கொள்க. அல்பா செந்தோரியின் இரு உடுக்களுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரம் அக்கோலினால் ஏறத்தாழ 23. இருபத்துமூன்றின் கனம் 12,167. சுற்றுக்காலமாகிய எண்பதின் வர்க்கம் 6,400. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 2 வரும். அதாவது, இரு உடுக்களின் கூட்டுத் திணிவு நம் சூரியனைப்போல் இரு மடங்கு. கெப்ளர் வகுத்த விதியை நியூற்றன் விரித்துரைத்ததன் பயன் இது. தராசில் வைக்க இயலாத பொருளை, இருந்த இடத்தில் இருந்துகொண்டே நிறுத்தறிய இதனினும் சிறந்த வழி இல்லை. உடுக்களின் திணிவைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றின் அடித்தளம் இரட்டை உடுக்களே.

இவ்விரண்டுக்கும் ஒரு மூன்றாவது துணையும் உண்டு. புரொக்சிமா எனப்படும் அச்சிறிய செவ்வுடுவை 1915 இல் தென்னாபிரிக்காவில் ரொபேட் இன்னெஸ் கண்டறிந்தார். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள உடு அதுவே, 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மற்றை இரண்டிலிருந்தும் மிக விலகி நிற்கும் அது உண்மையில் அவற்றோடு பிணைந்ததுதானா என்ற ஐயம் நூறாண்டுக் காலம் நீடித்தது. அதன் வேகத்தை நுணுக்கமாக அளந்த பின்னரே, ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அது அவ்விரண்டையும் சுற்றிவருகின்றது என்னும் முடிவு 2016 இல் எட்டப்பட்டது.

இனிச் சித்திரையை நோக்குவோம். எத்துணைப் பெரிய சாதாரணத் தொலைகாட்டியால் நோக்கினும் இது ஒற்றை உடுவாகவே தெரியும். ஆனால் அதன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியினால் நிறம் பிரித்துப் பார்த்தால், அந்நிறமாலையிலுள்ள கோடுகள் நாலு நாளுக்கு ஒருமுறை அங்குமிங்கும் அசைகின்றன. புகையிரதம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதொலி உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது போல, நம்மை நோக்கி வரும் உடுவின் ஒளி நீலத்தின் பக்கமும், விலகும் உடுவின் ஒளி சிவப்பின் பக்கமும் சாய்கின்றது. இம்முறையினால் 1890 இல் வோகல் என்னும் ஜேர்மனிய அறிஞர் சித்திரை இரட்டை உடு என்று நிறுவினார். சூரியனைப்போல் ஏறத்தாழ 11 மடங்கும் 7 மடங்கும் திணிவுடைய இரு பேருடுக்கள், சுமார் இரண்டு கோடி கிலோமீற்றர் இடைவெளியில், நாலு நாளில் ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழல்கின்றன. புதன் கோள் சூரியனிலிருந்து உள்ள தூரத்தில் இது பாதிகூட இல்லை. கடலில் சந்திரன் வற்றுப்பெருக்கை எழுப்புவதுபோல், இவை ஒன்றையொன்று இழுத்து, உருண்டை வடிவம் மாறி முட்டை வடிவம் பெற்றுள்ளன.

வடக்கே உள்ள வசிட்டன் இவ்விரு வகைகளையும் ஒருங்கே கொண்டவன். 1617 இல் இத்தாலியில் காஸ்டெல்லி என்பவரும் அவருடைய ஆசிரியர் கலிலியோவும் தொலைகாட்டியில் நோக்கியபோது வசிட்டனே இரண்டாகத் தெரிந்தான். 1889 இல் எட்வேட் பிக்கறிங் அவ்விரண்டில் ஒன்று நிறமாலையில் மேலும் இரண்டாகப் பிரிவதை அறிவித்தார். நிறமாலையினால் அறியப்பட்ட முதல் இரட்டை உடு அதுவே. அவ்விரண்டும் 20 நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மற்றைய பாதியும் 175 நாளில் சுற்றும் இரட்டை என்பது பின்னர் தெரியவந்தது. அருந்ததிக்கும் ஒரு சிறிய செந்நிறத் துணை உண்டு என்பது 2009 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, வசிட்டன் நால்வர், அருந்ததி இருவர், மொத்தம் அறுவர்.

இத்தகைய குடும்பங்கள் வானில் அரியன அல்ல. சூரியனை ஒத்த உடுக்களில் ஏறத்தாழப் பாதி துணையுடன் வாழ்கின்றன. மிகப் பெரிய உடுக்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை துணையுடையவை. சிறிய செவ்வுடுக்களில் நான்கில் ஒன்றே துணையுடையது. அப்படியாயின், இக்குடும்பங்கள் தோன்றுவது எவ்வாறு? தனித்தனியே பிறந்து, வழியிற் சந்தித்து இணைந்தனவா? அவ்வாறு நிகழ்வது மிக அரிது. இரண்டு உடுக்கள் ஒன்றையொன்று கடந்து போகும்போது அவற்றின் வேகத்தைத் தணிக்க மூன்றாவது பொருளொன்று வேண்டும். இல்லையேல் வந்த வேகத்திலேயே பிரிந்து போகும். ஆதலால் பெரும்பாலான கூட்டு உடுக்கள் பிறக்கும்போதே கூட்டாகப் பிறக்கின்றன.

அவை பிறக்கும் இடம் விண்வெளியிலுள்ள வாயு முகில்கள். அவற்றின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 263 பாகை செல்சியசு அளவினது. பிதுருதலாகல மலையைத் தழுவும் மூடுபனியோடு ஒப்பிட்டால், அம்முகில்கள் எண்ணற்ற மடங்கு ஐதானவை. ஆயினும் அவற்றின் பரப்பு பல ஒளியாண்டுகள் என்பதால் அவற்றின் மொத்தத் திணிவு பெரிது. முகிலின் ஒரு பகுதியில் வெப்பத்தின் உந்துகையை ஈர்ப்பின் பிடி வென்றுவிடுமாயின், அப்பகுதி தன் மீதே சரிந்து ஒடுங்கத் தொடங்கும். இதற்குரிய எல்லையை 1902 இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் கணித்தார். ஒடுங்க ஒடுங்க அடர்த்தி கூடுகின்றது. அடர்த்தி கூடும்போது சிறிய சிறிய துண்டுகளும் தனித்தனியே ஒடுங்கும் வல்லமை பெறுகின்றன. முகிலினுள் நிலவும் கொந்தளிப்பு அத்துண்டுகளைப் பிரித்து வைக்கின்றது. இவ்வாறு பிறக்கும் உடுக்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில், பூமி சூரியத் தூரத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இடைவெளியில் அமையும். இது முதலாவது வழி.

இரண்டாவது வழி வேறு. நூலில் கட்டிய கல்லைச் சுழற்றி, நூல் விரலில் சுற்றிக் குறுகுமாறு விடுங்கள். கல்லின் சுழற்சி விரைவதைக் காண்பீர்கள். ஒடுங்கும் முகிலும் அவ்வாறே விரைவாகச் சுழன்று, நடுவில் ஓர் இளம் உடுவும், அதனைச் சூழத் தட்டுப் போன்ற வாயுப் பரப்புமாக அமைகின்றது. அத்தட்டு அளவுக்கு மீறிக் கனத்துவிட்டால், அதில் சுருள் வடிவான கரங்கள் தோன்றி, ஒரு கரத்தின் பகுதி தானே ஒடுங்கி இரண்டாவது உடுவாகின்றது. இது வெறுங் கருத்தன்று. பெர்சியசு உடுத்தொகுதியின் திசையிலுள்ள ஒரு முகிலினுள், சுருண்ட தட்டொன்றில் மூன்று இளம் உடுக்கள் உருவாகிக்கொண்டிருப்பதைச் சிலி நாட்டிலுள்ள அல்மா வானொலித் தொலைகாட்டித் தொகுதி படம்பிடித்தது. அது 2016 இல் வெளியாயிற்று.

பிறப்பு இவ்வாறாக, வாழ்வு எவ்வாறு? இங்கேதான் மூவர் கணக்கு என்னும் பெருஞ்சிக்கல் வருகின்றது. இரண்டு உடுக்கள் மாத்திரம் இருப்பின் அவற்றின் பாதை நீள்வட்டம்; கோடி ஆண்டு கழித்தும் அவை எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம். மூன்றாவது ஒன்று ஏறத்தாழச் சம தூரத்தில் வந்து சேர்ந்துவிட்டால் ஒழுங்கு குலைகின்றது. ஒன்று மற்றதை இழுக்க, அது வேறொன்றை இழுக்க, பாதைகள் பின்னிப் பிணைந்து, ஈற்றில் பெரும்பாலும் மிகச் சிறிய உடு வெளியே எறியப்படுகின்றது. வெளியேறுவது கொண்டுபோகும் சக்தி எஞ்சிய இருவரிடமிருந்தே வரவேண்டும். ஆகவே அவ்விருவரும் முன்னினும் நெருங்கி இறுகுகின்றனர். ஒருவர் வெளியேற்றமும் இருவர் நெருக்கமும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

நிலைத்து வாழும் குடும்பங்களில் ஓர் ஒழுங்கு காணப்படும். தோட்டத்து அமைப்பையே உவமை கூறலாம். ஒரு காம்பிராவுக்குள் ஒரு குடும்பம். காம்பிராக்கள் சேர்ந்து ஒரு லயம். லயங்கள் சேர்ந்து ஒரு தோட்டம். காம்பிராவுக்குள் உள்ள நெருக்கம் வேறு, லயங்களுக்கிடையிலுள்ள தூரம் வேறு. வசிட்டனின் குடும்பமும் அப்படியே. இருவர் இருவராக நெருங்கி இணைந்து, அவ்விணைகள் தூரத்தில் நின்று ஒன்றையொன்று சுற்றி, அந்நால்வரும் வெகு தொலைவில் அருந்ததி இணையோடு பிணைந்து நிற்கின்றனர். வெளித் தூரம் உள் தூரத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தாலே குடும்பம் நிலைக்கும்.

இவ்விதியை உணராத காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை இங்கே கூறுதல் தகும். 1855 இல், சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் கப்டன் ஜேக்கப் என்பவர், பாம்பைப் பிடித்தோன் என்னும் உடுத்தொகுதியில் 70 என்று எண்ணிடப்பெற்ற இரட்டை உடுவை ஆராய்ந்தார். அதன் சுற்றுக்காலம் 88 ஆண்டு. பழைய அளவீடுகளையும் தம் அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது பாதை கணக்கோடு முற்றும் பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருத்தல் கூடும் என்று அவர் எழுதினார். வேற்றுச் சூரியனொன்றுக்குக் கோள் உண்டு என்று அளவீட்டை ஆதாரமாகக் கொண்டு முன்வைக்கப்பட்ட மிகப் பழைய கருத்துகளுள் இதுவும் ஒன்று. 1890களில் அமெரிக்கரான சீ என்பவரும் அவ்வுடுவிலே காணா உடல் ஒன்று உண்டென வாதித்தார். ஆனால் 1899 இல் மோல்டன் என்னும் கணித அறிஞர், அவர் கூறியவாறு அமைந்த மூவர் குடும்பம் நிலைத்திருக்க இயலாது என்று காட்டினார். கோள் உண்டென்ற கருத்து நிலைக்கவில்லை. ஆயினும் ஜேக்கப்பின் வழி தவறானதன்று. காணப்படும் உடுவின் சிறு தள்ளாட்டத்திலிருந்து காணப்படாத துணையை ஊகித்தல் என்னும் அதே முறையினால், புரொக்சிமாவைச் சுற்றும் கோள் ஒன்று 2016 இல் அறிவிக்கப்பட்டது. கருத்து முந்திப் பிறந்தது. கருவியின் நுட்பம் பிந்தி வந்தது.

வெளியேற்றத்துக்கும் கண்கூடான சான்று உண்டு. ஏ.ஈ. ஒறிகே, மியூ கொலம்பே என்னும் இரு உடுக்கள் செக்கனுக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் விரைகின்றன. 1954 இல் பிளாவ், மோர்கன் என்னும் இருவர் அவற்றின் பாதைகளைப் பின்னோக்கி வரைந்தபோது, அவை ஓரியன் என்னும் வேடன் உடுத்தொகுதியில் ஒன்றுசேர்ந்தன. சுமார் 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இரண்டு இரட்டை உடுக்கள் அங்கே நேருக்கு நேர் எதிர்ப்பட்டு, இருவர் எறியப்பட, எஞ்சிய இருவர் ஒரு புதிய இணையாக நிலைத்தனர் என்று பின்னைய ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வேடனின் வாட்பகுதியிலுள்ள அயோட்டா என்னும் உடுவே அவ்விணை என்பர்.

தூரத்து உறவினர் ஒருவர் குடும்பத்தை நெருங்கச் செய்வதும் உண்டு. சாய்ந்த பாதையில் சுற்றும் மூன்றாவது உடு, உள்ளே உள்ள இணையின் வட்டப் பாதையை மெல்ல மெல்ல நீள்வட்டமாக இழுத்துவிடும். 1960களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டின் லிடோவும் யப்பானின் கொசாயும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். நீள்வட்டத்தில் மிக அண்மித்து வரும்போது, வற்றுப்பெருக்கு விசை இரு உடுக்களின் சக்தியை உறிஞ்சிப் பாதையைச் சுருக்குகின்றது. மூன்று நாளுக்கும் குறைந்த காலத்தில் சுற்றும் இணைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாவது துணை ஒன்று தொலைவில் இருப்பது இதனாலேயே போலும்.

உடுக்கள் குடும்பமாக மாத்திரமன்றி ஊராகவும் பிறக்கின்றன. ஒரே முகிலிலிருந்து நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிறந்து, பின்னர் அண்டத்தின் ஈர்ப்பினால் கலைந்து போகின்றன. நம் சூரியனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஓர் ஊரில் பிறந்திருக்கவேண்டும். அதன் உடன்பிறப்புகள் இன்று எத்திசையிலோ சிதறியுள்ளன. இதனைப் படிக்கும்போது மலையகத்தார் எவருக்கும் வேறொரு நினைவு வராமற் போகாது. 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கையின் பின், ஒரே லயத்தில் பிறந்தவர்களுள் சிலர் இங்கேயும், சிலர் நீலகிரியிலும் பிற இடங்களிலுமாகப் பிரிந்தனர். உடுக்களுக்குத் துயரம் இல்லை, மனிதருக்கு உண்டு. அவ்வேற்றுமையை மறவாமல் ஒன்று சொல்லலாம். பிரிந்த உடுக்களும் தம் பிறப்பின் அடையாளத்தை இழப்பதில்லை. சப்தரிஷி மண்டலத்து ஏழு உடுக்களுள் ஐந்து, ஒரே திசையில் ஒரே வேகத்தில் செல்கின்றன என்பதை 1869 இல் றிச்சட் புறொக்டர் கண்டார். அவை ஒரே முகிலின் மக்கள். வசிட்டனும் அருந்ததியும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

இனிக் குடும்பத்தின் முதுமையைக் காண்போம். 1783 இல், செவிப்புலன் இழந்த பதினெட்டு வயது ஆங்கில இளைஞரான ஜோன் குட்றிக், அல்கொல் என்னும் உடு மூன்று நாளுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் ஒழுங்காக மங்குவதை அளந்து கூறினார். ஒரு துணை அதன் குறுக்கே வந்து மறைப்பதே காரணம். பிற்காலத்தில் ஒரு புதிர் எழுந்தது. கனத்த உடு தன் எரிபொருளை விரைவில் செலவிட்டு முதலில் முதுமை எய்தும் என்பது விதி. அல்கொலிலோ, கனத்தது இளமையோடும், இலேசானது முதுமையோடும் உள்ளன. விடை இதுதான்: இன்று இலேசாக இருப்பதே அன்று கனத்திருந்தது. அது முதுமையில் ஊதிப் பருத்தபோது அதன் வாயு துணையின்மேல் வழிந்தது. தமையன் தன் செல்வத்தைத் தம்பிக்கு வழங்கித் தான் வறியவனாயினான் எனலாம்.

இக்கொடுக்கல் வாங்கல் சில வேளை பேரழிவில் முடியும். எரிந்து தீர்ந்த உடுவின் எச்சமாகிய வெண்குறளுடு தாங்கக்கூடிய திணிவுக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே, தம் பத்தொன்பதாம் வயதில், இவ்வெல்லைக்கான கணக்கைத் தொடங்கினார். 1983 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. துணையிடமிருந்து வாயுவை வாங்கிக் குவித்தோ, இரு வெண்குறளுடுக்கள் ஒன்றோடொன்று மோதியோ, வெண்குறளுடு முழுவதும் வெடித்துச் சிதறுவதுண்டு. அவ்வெடிப்பில் பெருமளவு இரும்பு உண்டாகின்றது. கவ்வாத்துக் கத்தியில் உள்ள இரும்பிலும், கொழுந்து பறிக்கும் தாயின் குருதியில் ஓடும் இரும்பிலும் கணிசமான பங்கு, என்றோ வெடித்த ஓர் இரட்டை உடுவிலிருந்து வந்ததாகும். இன்னும் சில இணைகள் கருந்துளைகளாகி, நெருங்கிச் சுழன்று ஒன்றாகும்போது வெளியே ஈர்ப்பலைகளை அனுப்புகின்றன. 2015 செப்டெம்பர் 14 ஆம் நாள் அத்தகைய அலை முதன்முறையாகப் பூமியில் பதிவாயிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். வசிட்டனும் அருந்ததியும் நம்மிடமிருந்து 80 ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால் உள்ளனர். அவர்களிடையே குறைந்தது கால் ஒளியாண்டு இடைவெளி உண்டு. ஒரே முகிலிற் பிறந்து, ஒரே வழியிற் செல்கின்றனர்; ஈர்ப்பினாலும் பிணைந்துள்ளனர் என்றே அளவீடுகள் காட்டுகின்றன. ஆயினும் அப்பிணைப்பு மெல்லியது. அருகே கடந்து செல்லும் வேறோர் உடுவின் இழுப்பு அதனை ஒருநாள் அறுத்துவிடவும் கூடும். இவர்கள் ஒன்றையொன்று சுற்றுவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று சிலர் கூறுவர். அச்சுற்றுக்குப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். எந்தக் கண்ணும் அதனைக் கண்டிருக்க இயலாது. முன்னோர் கண்டது, மங்கலான அவ்வுடு வசிட்டனை விட்டு நீங்காதிருப்பதை. அதுவே போதிய பெருமை. அவர்கள் கூறாததை அவர்கள்மேல் ஏற்றுவதால் அவர்தம் சிறப்புக் கூடிவிடாது.

நான் கலைப் பட்டதாரி. கணிதத்தில் வல்லவன் அல்லேன். ஆயினும், மேலே கூறியவற்றுள் ஒன்றை எம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. குட்றிக் வெறுங்கண்ணாலேயே அல்கொலை அளந்தார். நகரத்தின் ஒளிவெள்ளம் இல்லாத தோட்டத்துப் பிரட்டுக்களம், அவர் நின்ற இடத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. பெற்றோரே, ஆசிரியரே, மழையில்லாத ஓர் இரவில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வசிட்டனுக்கு அருகே இன்னோர் உடு தெரிகின்றதா என்று கேளுங்கள். தெரிகின்றது என்பவனிடம் எத்தனை என்று கேளுங்கள். இரண்டு என்று அவன் விடை சொல்வான். அவ்விரண்டும் அறுவர் என்பதை அதன் பின்னர் சொல்லுங்கள்.